உலையும் கத்தியும்

வாரச் சந்தையில் விரித்த கோணியின்மேல் இரண்டு கத்திகள் அருகருகே கிடக்கின்றன என்று கொள்வோம். இரண்டும் ஒரே நீளம், ஒரே கனம். இரண்டின் வாயும் ஒருபோலவே பளபளக்கின்றன. விலையும் ஒன்றே. வாங்கிச் சென்ற முதல் நாள் இரண்டும் ஒரே வகையாகக் காய் நறுக்குகின்றன. ஆனால் ஒரு திங்கள் கழிவதற்குள் ஒன்றின் வாய் ஆங்காங்கே பெயர்ந்து பல் பல்லாகி விடுகின்றது; பரங்கிக்காயைப் பிளக்கும்போது ஒரு நாள் அதன் நுனி முறிந்து தெறிக்கின்றது. மற்றொன்றோ ஆண்டுகள் பல உழைக்கின்றது. தீட்டித் தீட்டி மெலிந்தபோதும் முறிவதில்லை. வடிவில் ஒன்றாய் இருந்த இரு கத்திகள் குணத்தில் வேறுபட்டது எதனால்?

இவ்வினாவிற்கு விடை கத்தியின் மேற்பரப்பில் இல்லை. அது உருவான பட்டறையில் இருக்கின்றது. ஆதலின், ஒரு கத்தி உலையில் புகுந்தது முதல் பிடி பொருத்தப்பெற்று வெளிவரும் வரையில் நிகழ்வனவற்றை ஒழுங்காகக் காண்போம்.

நம் சிற்றூர்களில் கொல்லரின் பட்டறை பெரும்பாலும் அவர் வீட்டை ஒட்டியே அமைந்திருக்கும். தாழ்ந்த கூரை, அதன்கீழ் மண்ணால் அமைந்த உலை, உலைக்குக் காற்றூட்டும் துருத்தி. இன்று பல பட்டறைகளில் தோல் துருத்திக்கு மாறாகக் கையால் சுழற்றும் காற்றாடியோ மின்சாரத்தால் இயங்கும் காற்றாடியோ இருக்கக் காணலாம். உலைக்கு எட்டும் தொலைவில், நிலத்தில் ஊன்றிய மரக்கட்டையின்மேல் அடைகல் என்னும் பட்டடை அமர்ந்திருக்கும். சுற்றிலும் சுத்தியல்களும், சம்மட்டியும், குறடுகளும், அரங்களும், வெட்டிரும்பும் கிடக்கும். ஒரு புறம் நீர்த்தொட்டி. மற்றொரு புறம் எண்ணெய்ச் சட்டி. வீட்டை ஒட்டிய பட்டறையாதலின், கொல்லரின் மனைவியும் வளர்ந்த மக்களும் காற்றாடியைச் சுழற்றுவதும் சம்மட்டி அடிப்பதும் உண்டு.

பட்டறைக்குள் வெளிச்சம் மிகுதியாக வருவதில்லை. இதனை வறுமையின் அடையாளம் என்று எண்ணிவிடலாகாது. காய்ந்த இரும்பின் சூட்டைக் கொல்லர் அதன் நிறத்தைக் கொண்டே மதிப்பிடுகின்றார். வெயிலில் மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தோன்றாது. நிழலில்தான் தெளிவாகத் தோன்றும். எனவே அந்த அரையிருள் அவருடைய கருவிகளுள் ஒன்றாகும்.

கத்திக்கு முதல் தேவை தக்க உலோகம். எல்லா இரும்பும் கத்தியாகாது. தூய இரும்பு மென்மையானது, எளிதில் வளையும், எவ்வளவு தீட்டினாலும் அதன் வாய் நிற்பதில்லை. இரும்புடன் கரி என்னும் கார்பன் சிறிதளவு கலந்தால் அது எஃகாகின்றது. நூறு பங்கு உலோகத்தில் அரைப் பங்கிற்குச் சற்று மேல் தொடங்கி ஒரு பங்கு வரையில் கார்பன் இருந்தால் அந்த எஃகு கத்திக்கு ஏற்றதாகும். வீடு கட்டப் பயன்படும் சாதாரணக் கம்பியில் இவ்வளவு கார்பன் இல்லை. எனவே அதனை எவ்வளவு அழகாக அடித்தாலும் நல்ல கத்தி கிடைக்காது. இதனை அறிந்த கொல்லர்கள் பழைய லாரிகளின் அடியில் பாரந்தாங்கும் வில்பட்டைகளைத் தேடி வாங்குகின்றனர். அப்பட்டையில் நூற்றில் ஏறத்தாழ 0.6 பங்கு கார்பன் இருப்பது வழக்கம். சாலையின் மேடுபள்ளங்களில் பல்லாயிரம் முறை வளைந்து நிமிர்ந்த அந்த எஃகே, லாரி ஓய்வு பெற்ற பின்னர் அரிவாளாகவும் கத்தியாகவும் மறுபிறப்பு எய்துகின்றது.

தேவையான துண்டை வெட்டி எடுத்துக் கொல்லர் உலையில் இடுகின்றார். மரக்கரி கனல்கின்றது, காற்று ஊத ஊத எஃகின் நிறம் மாறுகின்றது. முதலில் மங்கிய சிவப்பு, அடுத்து நல்ல சிவப்பு, பின்னர்ச் செம்மஞ்சள், அதன்பின் மஞ்சள். செம்மஞ்சள் நிறத்தில் எஃகின் சூடு ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் இருக்கும். அப்பொழுது அது பிசைந்த களிமண்போல் அடிக்கு இணங்கும். சூடு குறைந்து நிறம் மங்கியபின் அடித்தால் எஃகினுள் விரிசல் தோன்றும். சூடு எல்லை மீறி வெண்மை கண்டாலோ எஃகு பொறி பறக்க எரியத் தொடங்கும். எரிந்த எஃகை மீட்க வழியில்லை. அப்பகுதியை வெட்டி எறிய வேண்டியதுதான். ஆகவே, எப்பொழுது அடிப்பது, எப்பொழுது நிறுத்துவது என்னும் இரண்டையும் கண்ணே கற்றுக்கொள்ள வேண்டும்.

காய்ந்த துண்டைக் கொல்லர் குறட்டால் பற்றிப் பட்டடைமேல் வைக்கின்றார். அவர் கையிலுள்ள சிறு சுத்தியல் எந்த இடத்தில் தட்டுகின்றதோ அந்த இடத்தில் துணைவரின் சம்மட்டி இறங்குகின்றது. இருவரும் பேசிக்கொள்வதில்லை, சுத்தியலின் ஒலியே கட்டளை. முதலில் துண்டு நீள்கின்றது. பிறகு நுனி கூர்மை பெறுகின்றது. மறுமுனை ஒடுங்கி, பிடிக்குள் செருகத்தக்க காம்பாகின்றது. கடைசியாக வாய்ப்புறம் மெல்லியதாகத் தட்டப்பெறுகின்றது.

இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. வாய்ப்புறம் மெலிய மெலிய நீளும், முதுகுப்புறமோ நீளாது. அதனால் கத்தி தானாகவே முதுகுப்பக்கம் வளைந்து மேல்நோக்கிப் போகும். அனுபவம் மிக்க கொல்லர் இதனை முன்கூட்டியே கருதி, வாயை மெலியச் செய்வதற்கு முன்னரே துண்டை எதிர்ப்புறமாகச் சிறிது வளைத்து விடுகின்றார். வாய் மெலிந்து முடியும்பொழுது வளைவு நிமிர்ந்து கத்தி நேராகின்றது. வரப்போகும் பிழையை அது வருமுன்னரே திருத்தி வைக்கும் இந்த நுட்பம் பெரும்பாலும் பட்டறையில் உடனிருந்து கண்டே கற்கப்படுவது.

வடிவம் அமைந்தபின் கத்தியை மீண்டும் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுகின்றார். அடியினால் எஃகினுள் ஏற்பட்ட இறுக்கம் இதனால் தளர்கின்றது. எஃகும் மென்மை அடைகின்றது. மறுநாள் அரத்தால் அராவி வடிவத்தைச் செப்பம் செய்யலாம். ஆனால் வாயை அப்பொழுதே கூராக்கிவிடக் கூடாது. ஒரு நாணயத்தின் கனம் அளவேனும் விட்டுவைக்க வேண்டும். மிக மெல்லிய வாய் அடுத்துவரும் கடுஞ்சோதனையில் நெளிந்து போகும், அல்லது வெடித்துவிடும்.

அந்தச் சோதனையே தோய்ச்சல். இதுவரை கண்டது கத்தியின் உருவம். இனிமேல் அமைவதே அதன் குணம். கொல்லர் கத்தியை நல்ல சிவப்பு நிறம் வரும்வரை சீராகக் காய்ச்சுகின்றார். சிலர் அருகில் ஒரு காந்தத்தை வைத்துக்கொள்வர். எஃகு ஏறத்தாழ 770 டிகிரி வெப்பத்தை அடையும்பொழுது காந்தம் அதனை ஈர்ப்பதில்லை. ஈர்ப்பு நின்றபின் இன்னும் சிறிது சூடேற்றி, கத்தியைச் சட்டென்று எடுத்து எண்ணெயில் நேராக அமிழ்த்துகின்றார். எண்ணெய் சீறிப் புகைகின்றது. கத்தியைச் சாய்வாக இறக்கினால் ஒரு பக்கம் முன்னும் மறுபக்கம் பின்னுமாகக் குளிர்ந்து அது கோணிப்போகும். எண்ணெய்க்கு மாறாக நீரில் தோய்த்தால் குளிர்ச்சி மிக விரைவாகப் பாய்ந்து, வில்பட்டை எஃகில் செய்த மெல்லிய கத்தி விரிசல் விடக்கூடும்.

இந்த ஒரு நொடியில் எஃகினுள் நிகழ்வது யாது? எஃகு நன்கு சிவந்திருக்கும் நிலையில் இரும்பு அணுக்களின் அடுக்குமுறை மாறி, கார்பன் அணுக்கள் வெந்நீரில் சர்க்கரை கரைவது போல அவற்றிடையே கரைந்து விடுகின்றன. மெல்ல ஆறினால் அவை மீண்டும் பிரிந்து வெளியேறும், எஃகு மென்மையாகும். திடீரெனக் குளிர்ந்தாலோ வெளியேற நேரமின்றி உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. அவற்றால் நெருக்குண்ட இரும்பின் அடுக்கு விறைத்து நிற்கின்றது. அந்த விறைப்பே கடினம். இவ்வமைப்பிற்கு, எஃகை நுண்பெருக்கிக் கண்ணாடியில் ஆராய்ந்த அடால்ஃப் மார்ட்டென்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரால் மார்ட்டென்சைட் என்று பெயரிட்டுள்ளனர். தோய்ச்சல் சரியாக அமைந்த கத்தியின்மேல் அரத்தை இழுத்தால் அரம் பற்றாமல் வழுக்கும்.

அரமும் பற்றாத கத்தி கிடைத்துவிட்டது. வேலை முடிந்தது என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் இந்நிலையில் கத்தி மிகக் கடினமானது. அதனாலேயே மிக எளிதில் உடையக்கூடியது. கண்ணாடியும் கடினமானதுதான், எனினும் கைதவறி விழுந்தால் நொறுங்குகின்றது அன்றோ? தோய்ச்சலோடு நின்றுவிட்ட கத்தியும் அத்தகையதே. கல்தரையில் விழுந்தால் இரண்டாக முறியக்கூடும். கடினம் வேறு, உறுதி வேறு. தேய்வை எதிர்ப்பது கடினம்; முறிவை எதிர்ப்பது உறுதி. கத்திக்கு இரண்டும் வேண்டும். ஒன்றைச் சிறிது விட்டுக்கொடுத்துத்தான் மற்றொன்றைப் பெற இயலும். எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை அறிவதே பதம் அறிதலாகும்.

பதப்படுத்துவது எவ்வாறு? தோய்ச்ச கத்தியின் ஒரு பக்கத்தைக் கல்லால் தேய்த்து வெண்மையாகப் பளபளக்கச் செய்கின்றார் கொல்லர். பின்னர்ப் பழுக்கக் காய்ச்சிய தடித்த இரும்புத் துண்டின்மேல் கத்தியின் முதுகை வைக்கின்றார். வெப்பம் முதுகிலிருந்து வாயை நோக்கி மெல்லப் பரவுகின்றது. அப்பொழுது பளபளத்த பரப்பில் நிறங்கள் தோன்றித் தவழ்ந்து செல்கின்றன. முதலில் வைக்கோலின் மஞ்சள், அதன்பின் பழுப்பு, அதனைத் தொடர்ந்து ஊதா, கடைசியாக நீலம். வைக்கோல் மஞ்சள் ஏறத்தாழ 220 முதல் 230 டிகிரி வெப்பத்தைக் காட்டும். பழுப்பு 250 டிகிரியை ஒட்டியது. நீலம் 300 டிகிரியை நெருங்கியது. காய் நறுக்கும் கத்தியாயின், வைக்கோல் மஞ்சள் வாயைத் தொட்ட அளவில் நீரில் அமிழ்த்தி வெப்பத்தை நிறுத்திவிடுகின்றார். விறகு பிளக்கும் கருவி பேரதிர்ச்சியைத் தாங்க வேண்டுமாதலின், அதற்குப் பழுப்பையும் கடந்து ஊதா வரும்வரை காத்திருக்கின்றார்.

இந்நிறங்கள் எஃகின் சாயம் அல்ல. சூட்டினால் எஃகின்மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் படிந்து மிக மெல்லிய படலம் ஒன்று உண்டாகின்றது. மழைநீரில் மிதக்கும் எண்ணெய்த் துளியில் வானவில் நிறங்கள் தோன்றுவது போலவே, இப்படலத்தின் கனத்திற்கு ஏற்ப ஒளி பல நிறங்களாகத் தோன்றுகின்றது. சூடு கூடக் கூடப் படலம் தடிக்கின்றது, நிறமும் மாறுகின்றது. இவ்விளஞ்சூட்டில், உள்ளே சிக்கிய கார்பனில் ஒரு பகுதி விடுபடுகின்றது. விறைப்பு சற்றே தளர்கின்றது. கடினம் சிறிது குறைந்து உறுதி பெரிதும் வளர்கின்றது. வெப்பமானி இல்லாத பட்டறையில் எஃகின் மேனியே வெப்பமானியாகி விடுகின்றது.

இனி எஞ்சியவை சாணையும் பிடியும். சாணை பிடிக்கும்பொழுதும் விழிப்பு வேண்டும். சுழலும் கல்லில் உலர்ந்த வாயை அழுத்தினால் நொடிப்பொழுதில் சூடேறும். வாயில் நீலம் கண்டுவிட்டால் அவ்விடத்தில் பதம் கெட்டுவிட்டது என்பது பொருள். ஆகவே கத்தியை அடிக்கடி நீரில் தோய்த்தெடுத்துத் தீட்ட வேண்டும். சமையற் கத்தியின் வாயில் ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 டிகிரி வரையில் சரிவு அமைவது ஏற்றது. காம்பைக் கருவேலம் போன்ற உறுதியான மரத்தில் துளையிட்டுச் செருகி, அரக்கு உருக்கி ஊற்றி, மரம் பிளவாதபடி பூண் மாட்டினால் கத்தி முற்றுப்பெறுகின்றது.

இப்பொழுது சந்தையில் கண்ட இரு கத்திகளின் வேறுபாடு விளங்குகின்றது. வாய் பெயர்ந்த கத்தி தோய்ச்சல் பெற்றது. ஆனால் பதம் பெறாதது. பதப்படுத்தும் வேலையை விட்டுவிட்டால் கரியும் மிச்சம், பொழுதும் மிச்சம். சாணை பிடித்துப் பளபளப்பு ஏற்றியபின் வைக்கோல் மஞ்சளின் சுவடும் மறைந்துவிடும். அது நிகழ்ந்ததா, நிகழவில்லையா என்பதை வாங்குபவர் கண்ணால் அறிய இயலாது. அந்தக் கொல்லருக்கு மட்டுமே அது தெரியும். ஆனால் அதன் பயனை நுகர்பவர் அவர் அல்லர். அடுக்களையில் நிற்கும் தாயோ, வயலில் குனிந்து நிற்கும் உழவரோ ஆவர். தெறித்த துணுக்கு விரலிலும் படலாம், கண்ணிலும் படலாம். பிறர் காணாத இடத்தில் செய்யும் வேலையில்தான் தொழிலாளியின் நேர்மை வெளிப்படுகின்றது. தம் ஊரிலேயே வாழ்ந்து, தாம் விற்ற கத்தியைத் தீட்டித் தரத் தாமே மீண்டும் கையில் வாங்கும் கொல்லர் அந்த வேலையை எளிதில் விட்டுவிடுவதில்லை. அவர் பெயரை ஊரார் சொல்வது அவர் கத்தி உழைக்கும் காலத்தைப் பொறுத்தது.

எஃகை அறியும் இவ்வறிவு நம் நாட்டிற்குப் புதியதன்று. சங்கப் பாடல்களில் கொல்லன் உலையும் துருத்தியும் உவமைகளாக வருகின்றன. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றின் கரையிலுள்ள கொடுமணலில் 1980-களில் தொடங்கி நடந்த அகழாய்வுகள், இரும்பும் எஃகும் ஆக்கிய பழைய உலைகளை வெளிப்படுத்தின. தென்னிந்தியக் கைவினைஞர் இரும்புத் துண்டுகளை மரத்துண்டு, இலை முதலியவற்றோடு சிறு மண்குகைகளில் இட்டு, வாயை மண்ணால் மூடி, கடும் வெப்பத்தில் உருக்கினர். கார்பன் இரும்பில் கலந்து உயர்ந்த எஃகுக் கட்டிகள் கிடைத்தன. அக்கட்டிகள் கடல் கடந்து மேற்காசியா சென்றன. உலகம் வியந்த டமாஸ்கஸ் வாள்கள் இத்தகைய எஃகால் செய்யப்பெற்றவையே. ஐரோப்பியர் இதனை ‘ஊட்ஸ்’ என்று அழைத்தனர். 1795-ஆம் ஆண்டில் ஜார்ஜ் பியர்சன் என்னும் ஆங்கில அறிஞர் இவ்வெஃகைப் பற்றி இலண்டன் ராயல் கழகத்திற்கு ஓர் ஆய்வுரை அளித்தார்.

அவருக்குப் பின் இதனை ஆராய்ந்தவருள் ஒருவர் மைக்கேல் பாரடே. மின்னியலில் பெரும்புகழ் பெற்ற அவ்வறிஞர் ஒரு கொல்லரின் மகன் ஆவார். 1819-ஆம் ஆண்டில் அவர் இந்திய எஃகைப் பகுத்தாராய்ந்த கட்டுரையை வெளியிட்டார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழில் வல்லுநர் அவருடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார். ஐரோப்பியக் கொல்லர் பலர் இந்திய எஃகை அடிக்க முயன்றபொழுது அது பட்டடைமேல் பொடிந்து போயிற்று. அதில் கார்பன் மிகுதி. ஆதலின் அவர்கள் பழகிய பெருஞ்சூட்டை அது தாங்கவில்லை. குறைந்த சூட்டில் பொறுமையோடு அடித்தால்தான் அது இணங்கும். எஃகு கையில் இருந்தும் அதன் பதம் தெரியாவிடில் பயனில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இக்காலத்தில் கத்திகள் பெரும்பாலும் தொழிற்சாலைகளில் செய்யப்படுகின்றன. அங்கும் காய்ச்சித் தோய்த்தல், இளஞ்சூட்டில் பதப்படுத்துதல் ஆகிய இரண்டு படிகளும் மாறவில்லை. கண்ணுக்கு மாறாக வெப்பமானியும், உலைக்கு மாறாக வெப்பம் சீராக நிற்கும் மின்னடுப்பும் வந்துள்ளன. நூற்றில் பத்துப் பங்கிற்கு மேல் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகும் வழக்கில் வந்துள்ளது. அவை குறைந்த விலையில் கிடைப்பதால் சிற்றூர்ப் பட்டறைகள் பல மூடப்பட்டன. கொல்லர் மக்கள் பலர் வேறு தொழில் நாடினர். இயந்திரத்தின் வரவைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒரு பட்டறை அடைபடும்பொழுது உலை மட்டும் அணைவதில்லை. நிறம் கண்டு சூடறியும் கண்ணும், ஒலி கேட்டு இணங்கும் கையும் அதனோடு மறைகின்றன. ஏட்டில் எழுதாத அறிவு, கற்பார் இல்லையேல் ஒரே தலைமுறையில் அழிந்துவிடும்.

உங்கள் ஊரில் உலை இன்னும் கனன்றுகொண்டிருந்தால் ஒரு முறை சென்று பாருங்கள். பொறி பறக்கும் இடமாதலின், கொல்லர் காட்டும் இடத்திலேயே நில்லுங்கள். கத்தியின் மேனியில் வைக்கோல் மஞ்சள் தவழ்ந்து வந்து வாயைத் தொடும் கணத்தை அவர் எவ்வாறு காத்திருந்து பிடிக்கின்றார் என்பதை உற்று நோக்குங்கள். உங்கள் வீட்டுக் கத்தியையும் ஈரம் போகத் துடைத்து, சிறிது எண்ணெய் தடவி வையுங்கள். துருவேறாமல் காக்கப்படும் கத்தி நெடுங்காலம் உழைக்கும். அது உழைக்கும் ஒவ்வொரு நாளும், ஒருவர் அரையிருளில் யாரும் காணாமல் செய்து முடித்த வேலைக்குச் சான்றாக விளங்கும்.